இன்ஜினியர் வைத்துக் கட்டிய சுவர்

இனி ஊரிலேயே இருக்கப் போகிறேன் என்று போனில் சொன்னபோது சென்னையில் என் மேலதிகாரி சிரித்தார். "கொடைக்கானலா? கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார். எங்கள் மலையின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் ஏரியும் படகும்தான் ஞாபகம் வருகிறது. எனக்குப் பூம்பாறைக்குப் போகும் கடைசி பஸ் ஞாபகம் வந்தது. காய்கறி மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போக வேண்டும்.

நான் பன்னிரண்டு வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டவள். எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும், எதற்கு எத்தனை கம்பி என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அப்பா பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். அம்மா போன பிறகு தனியாகவே பொங்கித் தின்றுகொண்டு காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் வாய்க்கால் ஓரமாக விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சில் பாதி போயிற்று. நான் ஒரே மகள். கல்யாணப் பேச்சு ஒன்று வந்து நின்றுபோன கதை தனி, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முதலில் அவரைச் சென்னைக்குத்தான் கூட்டிப்போனேன். ஒன்பதாவது மாடி. நாள் முழுக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். சாப்பாடு குறைந்தது, பிறகு மிச்சமிருந்த பேச்சும் நின்றது. இரண்டு மாதம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, என்னைய ஊர்ல விட்டுரு" என்றார். கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வர மனசில்லாமல் நானும் அங்கேயே இருந்துவிட்டேன்.

வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்பெனி ஒத்துக்கொண்டது. எங்கள் மலை ஒத்துக்கொள்ளவில்லை. மேகம் இறங்கினால் சிக்னல் போகும், காற்றடித்தால் கரண்ட் போகும். ஒரு மீட்டிங்கில் பத்து பேர் காத்திருக்க, நான் வீட்டுக்கு மேலே இருக்கும் மேட்டில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்தபடி, "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருந்தேன். நான்காவது மாதம் மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். எனக்கே வெட்கமாக இருந்ததால் சண்டை போடவில்லை.

அதற்குப் பிறகுதான் மலையில் வேலை தேடத் தொடங்கினேன். பகலில் அப்பாவைப் பக்கத்து வீட்டுச் சித்தி பார்த்துக்கொள்வாள். ஆனால் இருட்டுவதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் போய்த் திரும்பும் தூரத்தில் ஒரு வேலை. கிடைத்தால் அப்பா அவர் வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. படித்தவளுக்கு வேலை கிடைக்காமலா போகும் என்ற திமிர்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பிளான் போடும் ஆபீஸ். அங்கே உட்கார்ந்திருந்தவர் என் சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "மேடம், நீங்க சைட்டுக்கெல்லாம் அலைய வேணாம். பிளான்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, போதும்" என்றார். எந்தப் பிளான் என்று கேட்டேன். "எதா இருந்தா என்ன மேடம்?" என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பழனிப் பக்கம் ஒரு காலேஜுக்குப் போனேன். அந்த வருடம் சிவிலில் சேர ஆளே இல்லையாம். கம்ப்யூட்டர் நடத்த வருமா என்று கேட்டார்கள். தாண்டிக்குடியில் ஒரு காபித் தோட்டக்காரர் இன்ஜினியர் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஜீப்பில் முதுகெலும்பு கழன்று போகிற மாதிரி குலுங்கிக்கொண்டு போனால், ஓடாத மோட்டாரைக் காட்டி, "என்னன்னு பாருங்க" என்றார். நான் கட்டட இன்ஜினியர் என்றேன். "இன்ஜினியருன்னுதானங்க சொன்னாக?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ நான் ஏமாற்றிவிட்டது போல.

உண்மை என்னவென்றால், எங்கள் பக்கம் யாருக்கும் இன்ஜினியர் தேவைப்படவில்லை. வீடு கட்ட நினைப்பவர் முதலில் கொத்தனாரைப் பார்ப்பார், அடுத்து நல்ல நாள் பார்ப்பார். எவ்வளவு ஆழம் தோண்டுவது, சுவர் என்ன கனம் என்பதெல்லாம் கொத்தனார் அந்த இடத்தில் நின்று காலால் கோடு கிழித்துச் சொல்வதுதான். இன்ஜினியர் என்பது பிளான் பாஸ் ஆவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை தேவைப்படும் ரப்பர் ஸ்டாம்பு. இது தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

எட்டாவது மாதம் ஒரு பாய் கூப்பிட்டனுப்பினார். கொடைக்கானல் பஜாரில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்கிறவர், நல்ல மனிதர் என்று பேர். பூம்பாறை ரோட்டில் காட்டேஜ் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மேடு, அதை வெட்டி இடம் எடுத்திருந்தார்கள். மண் சரியாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். "மலைய வெட்டிட்டேம்மா, ராத்திரி தூக்கம் வரல. கொத்தனார் சொல்றது சொல்லட்டும், நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். பயந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று மாதம் அந்தச் சுவரோடுதான் வாழ்ந்தேன். வெள்ளனே எழுந்து அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கிவிடுவேன். மேட்டுச் சரிவில் சுவரைத் தள்ளுவது மண்ணைவிடத் தண்ணீர்தான். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சுவருக்குப் பின்னால் தேங்கினால் எப்பேர்ப்பட்ட கல்கட்டும் நிற்காது. அதனால் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் வரிசை வரிசையாகக் குழாய்த் துண்டுகள் பதித்து, தண்ணீர் வெளியே வர வழி விடச் சொன்னேன். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த கொத்தனார், "காசு குடுத்துச் சுவரக் கட்டி அதுல ஓட்டையும் போடச் சொல்றீகளே மேடம்" என்று சிரித்தார். சிரித்தாலும் போட்டார். எங்கள் ஊர் பூண்டுக் காட்டுப் படிகளில் சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கித்தான் வைத்திருக்கிறார்கள், கல்லிடுக்கு வழியே தண்ணீர் தானாக வந்துவிடும் என்றேன். "அது காடு, இது காட்டேஜு" என்றார்.

சுவர் முடிந்தது. முதல் மழையில் எல்லாக் குழாயிலிருந்தும் செம்மண் தண்ணீர் கொட்டியது. நான் நனைந்துகொண்டே நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன். அன்றைக்கு அப்பாவுக்கு அல்வா வாங்கிப்போனேன். "நிக்குமா?" என்று கேட்டார். நிக்கும் என்றேன். இடது கையால் என் தலையைத் தடவினார். அடுத்த வாரமே இரண்டு பேர் விசாரித்து வந்தார்கள். எங்கள் ஊரிலேயே ஒருவருக்கு வீட்டின் பின்புறம் மண் சரிந்துகொண்டிருந்தது. இன்னொருவர் புதிதாக இடம் வாங்கியவர். மழை முடியட்டும், தொடங்கலாம் என்றேன். ஆக வேலை இருந்தது. அப்பா வீட்டில் இருக்கலாம்.

ஆயுத பூஜை லீவில் காட்டேஜ் நிரம்பி வழிந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் பெய்து மழை விட்ட காலையில், பஸ் ஜன்னல் வழியாக என் சுவரைப் பார்த்தேன். வெள்ளையடித்து, பெரிது பெரிதாக மஞ்சள் பூ வரைந்திருந்தார்கள். ரோட்டோரத்து மேடெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. என் சுவர் மட்டும் கறை ஒன்றும் இல்லாமல், துடைத்து வைத்தது மாதிரி சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், "அது நான் கட்டுனது" என்று சொன்னேன். "நல்லாருக்கு தாயி" என்றாள்.

அந்தச் சுவர் காய்ந்திருந்தது என்பதுதான் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் இதையே தொழிலாகச் செய்தவள். மழை விட்ட காலையில் அந்தக் குழாய்களில் தண்ணீர் வராவிட்டால், அது எங்கே போகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கும். நான் பூவைப் பார்த்தேன். இன்றுவரை என்னை நான் மன்னிக்காதது இந்த ஒன்றுக்குத்தான்.

பத்து நாள் கழித்துச் சுவர் விழுந்தது. மத்தியானம், தங்கியிருந்தவர்கள் எல்லோரும் சுற்றிப்பார்க்கப் போயிருந்த நேரம். சமையல் கொட்டகை மேல் விழுந்ததோடு சரி, ஆளுக்குச் சேதம் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது பூக்கள் துண்டு துண்டாகச் சேற்றில் கிடந்தன. ஒரு துண்டைப் புரட்டினேன். குழாயின் வாயில் சிமெண்ட். இன்னொன்று, அதிலும் சிமெண்ட். வெள்ளைச் சுவரில் செம்மண் வழிகிறது, சாக்கடைத் தண்ணீர் என்று தங்கவந்தவர்கள் நெட்டில் எழுதியிருக்கிறார்கள். காட்டேஜைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் ஆளை விட்டு எல்லாவற்றையும் அடைத்துப் பூசி, அதன் மேல் பூவும் வரையச் சொல்லிவிட்டார்.

பாய் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. "தப்பு எங்களோடதும்மா. எனக்கும் தெரியாம அடைச்சிருக்காங்க. யாரு கேட்டாலும் நான் சொல்றேன்" என்றார்.

சொல்லவும் செய்தார். பஜாரில், டீக்கடையில், தொழுகை முடிந்து வருகிறவர்களிடம், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் ஓட்டையை அடைத்தது நாங்கள்தான் என்றார். ஒருவரும் நம்பவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் என் முன் சீட்டிலேயே, நான் இருப்பது தெரியாமல் பேசினார்: "பாய் பெரிய மனுசன்யா. பொம்பளப் புள்ள, பொழப்பு கெட்டுறக்கூடாதுன்னு பழியத் தான் ஏத்துக்கிறாரு." பாய் எவ்வளவுக்கு எடுத்துச் சொன்னாரோ அவ்வளவுக்கு அவர் பேர் உயர்ந்தது, என் பேர் நாறியது. அந்த மழையில் அதே ரோட்டில் கொத்தனார்கள் கட்டிய சுவர் இரண்டு விழுந்தன. அவை மழைக்கு விழுந்தன. என்னுடையது இன்ஜினியர் வைத்துக் கட்டியதால் விழுந்தது.

வீட்டுக்குப் பின்னால் மண் சரியும் என்றவரிடம் நானே போனேன். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். "கொத்தனாருகிட்ட சொல்லிட்டேம்மா. தப்பா நெனச்சுக்கிராதீக, உங்க அப்பாவ எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். இடம் வாங்கியவர் போனையே எடுக்கவில்லை. நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பொய் சொன்னவர் என்று ஒருவர்கூட இல்லை. மார்கழி, தை இரண்டு மாதமும் ஒரு சோலியும் இல்லாமல் வீட்டில் கிடந்தேன். சித்தி, "வேற ஏதாச்சும் பாரு" என்பாள். அவள்மேல் எரிந்து விழுவேன். பிறகு நானே போய்ச் சமாதானம் செய்வேன்.

சென்னையிலிருந்து பழைய கம்பெனி கூப்பிட்டது மாசி மாதம். உடனே வந்து சேர வேண்டும், ஆபீஸுக்கு வந்துதான் வேலை பார்க்க வேண்டும். அப்பா காதில் விழாமல் இருக்க வாசலில் போய்ப் பேசினேன். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவள், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே வந்தால் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "என்னவாம்?" என்றார். சொன்னேன். வார்த்தையைத் தேடிச் சேர்க்க அவருக்கு நேரம் பிடிக்கும்.

"நானும் வாரேன்" என்றார்.

ஒன்பதாவது மாடியில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். மறுபடி அங்கே போனால் எவ்வளவு நாள் தாங்குவார் என்பதும் ஓரளவு தெரியும். கணக்குப் போடுகிறவள்தானே நான். வேண்டாம்பா என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒரு தடவை சொன்னதும் நான் பெட்டியை இறக்கித் துடைக்கத் தொடங்கினேன்.

காட்டைப் பக்கத்துக் காட்டுக்காரருக்கே குத்தகைக்கு விட்டோம். கிளம்பிய அன்று இரண்டு பேர் தூக்கித்தான் அப்பாவை பஸ்ஸில் ஏற்ற முடிந்தது. கண்டக்டர் பழக்கமானவர். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எங்கய்யா கெளம்பிட்டீக? எப்ப திரும்புவீக?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா நிமிர்ந்தார். வாய்க்கால் ஓரமாக விழுந்ததிலிருந்து அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நல்ல சேதி சொல்கிறவரைப் போலச் சொன்னார்:

"எம் மகளுக்குச் சோலி கெடச்சிருச்சுப்பா."