விபத்து இல்லாத நூறு நாள்

பாதுகாப்பு விழிப்புணர்வு என்பது, கேட்க விரும்பாதவர்களிடம் சிரித்த முகத்தோடு சண்டை போடும் தொழில். நல்லது சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை பேரும் என் கட்சி. நான் சமூகப்பணி முதுகலை மாணவி. திருவையாறு பக்கம் ஒரு ரைஸ் மில்லில், காலையில் மில், அப்புறம் வகுப்பு என்று ஒரு வருஷம் இந்த வேலை பார்த்தேன்.

மாஸ்க்

மூட்டை தூக்கும் சேகர் அண்ணன் மாஸ்க்கைத் தாடையில் மாட்டியிருந்தார். நுரையீரல் படத்தை விரித்து அரை மணி நேரம் வாதாடினேன். பட்டிமன்றத்தில் என்னிடம் தோற்காதவர் கிடையாது. அண்ணன் பொறுமையாகக் கேட்டார், எழுந்துபோய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார்.

"எல்லாம் சரிதான் டீச்சர். மூடிக்கிட்டா எங்கே துப்புறது, அதைச் சொல்லுங்க."

கண்ணாடி

நெல் சலிக்கும் மெஷினடியில் கூட்டுகிற பெண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கேட்டு மேனேஜரிடம் நாலு மாசம் சண்டை. "இத்தனை வருஷமா யார் கண்ணும் போகலையேம்மா?" என்றார். "போன பிறகுதான் வாங்குவீங்களா சார்?" என்றேன். வாங்கினார். மட்டமான சரக்கு, வேர்வையில் பத்தே நிமிஷத்தில் மங்கிவிடும். பெண்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். நான் மேனேஜரை விட்டுவிட்டு அவர்கள்மேல் பாய்ந்தேன். அவர்களில் மூத்தவரான மல்லிகா அக்கா சிரித்தார்.

"போட்டா நெல்லும் தெரியல, நீயும் தெரியல பாப்பா. உன் சத்தம் மட்டும் கேக்குது."

பலகை

பேச்சு எடுபடவில்லை என்றதும் வாசலில் கரும்பலகை மாட்டினேன்: 'விபத்து இல்லாத நாள்'. தினமும் காலையில் நானே பழைய எண்ணை அழித்துப் புதிது எழுதுவேன். யாருக்காவது அடிபட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நூறு ஆனால் எல்லாருக்கும் பிரியாணி என்று மேனேஜரையும் பேசி மடக்கினேன். எண்பது தாண்டியதும் மில்லே பலகையைப் பார்க்க ஆரம்பித்தது. விரல் நசுங்கிக் கையை உதறிக்கொண்டு வந்த ஒருவனிடம் சேகர் அண்ணன் சொன்னதற்கு நானும் எண்ணை அழிக்காமல் சேர்ந்து சிரித்தேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

"டேய், பிரியாணி முடியட்டும், அப்புறம் வலிக்கட்டும்."

தொண்ணூற்று மூன்று

அன்று காலை மல்லிகா அக்கா கண்ணாடியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் கூப்பிட்டுக் கைதட்ட வைத்தேன். போட்டோ எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கண்ணாடிக்குள் ஒரு கண் சிவந்திருந்தது. "மெட்ராஸ் ஐ, கிட்ட வராதே" என்றார். நானும் தள்ளியே நின்றேன்.

நூறாம் நாள் பிரியாணிப் பந்தியில், தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன அக்காவின் கை அதைத் தொடாமல் வெறும் காற்றில் மூடிக்கொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். கருவிழியில் வெள்ளை. தொண்ணூற்றிரண்டாம் நாள் மதியம் நெல்முனை குத்தியிருக்கிறது; தாய்ப்பால் விட்டுக்கொண்டு தினமும் வேலைக்கு வந்திருக்கிறார். தஞ்சாவூர் டாக்டர், உடனே வந்திருந்தால் அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது அக்காதான் பேசினார்.

"தொண்ணூத்தி மூணுன்னு எழுதிட்டு நீ அப்படிச் சிரிச்சே. அதை அழின்னு எப்படிச் சொல்லுவேன் பாப்பா?"

வருஷம் முழுக்க நான் நடத்திய வகுப்பில் அவர்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: என் மனம் கோணாமல் காயத்தை மறைப்பது.