தாமல் சாரின் குதிரை

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் போனைப் பார்த்துச் சிரிப்பார். என்னைப் பார்த்துச் சிரித்ததைவிட அதிகமாகவே சிரிப்பார். இதற்கு என்ன அர்த்தம் என்று எந்தப் புதுப்பெண்ணைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். எனக்கும் அதுதான் தோன்றியது. ஒரு நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது கட்டில்மேல் கிடந்த போன் விர்ரென்று அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு குதிரை. அது களைத்துப் போயிருக்கிறதாம், ஓய்வு கொடுக்க வேண்டுமாம். பெண்ணாக இருந்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன். குதிரையோடு எப்படிச் சண்டை போடுவது?

அது ஆன்லைன் குதிரைப் பந்தய விளையாட்டு. பணம் காசு எதுவும் கிடையாது. உள்ளே நுழைந்தால் ஆளுக்கொரு லாயம், அதில் இரண்டு மூன்று குதிரைகள். தீனி போடலாம், பயிற்சி கொடுக்கலாம், பந்தயத்துக்கு அனுப்பலாம். ஒரு மாதம் ஓடினால் ஒரு சீசன். இப்போது அது ரொம்ப ஜோராகிவிட்டது. குதிரையின் பிடரி மயிர் காற்றில் பறப்பதுகூடத் தெரிகிறது. நான் சொல்வது அதன் ஆரம்ப நாட்கள். அப்போது ஒரு குதிரை இன்னொரு குதிரையின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். சில சமயம் குதிரைக்காரன் மட்டும் தனியாக அந்தரத்தில் உட்கார்ந்தபடி ஓடுவான். அதைப் பார்த்துத்தான் இவருக்கு அத்தனை சிரிப்பு.

நான் வாலாஜாபாத்காரி. அப்பா ரைஸ் மில்லில் வேலை செய்தார், வீடும் மில்லை ஒட்டியே. மில் ஓடும்போதும் எங்கள் வீட்டில் பேச்சு நிற்காது, சத்தம்தான் கூடும். வாழ்க்கைப்பட்ட இடம் காஞ்சிபுரம், தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துப் புடவை வாங்கும் குடும்பம். எந்தத் தறிக்கு எந்த நிறம் என்று முடிவு செய்வது என் வீட்டுக்காரரின் வேலை. சாயப் பட்டறையில் நின்று நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாராம். என்னிடம் பேசியது, "சாப்டீங்களா?" "தூங்குங்க." அவ்வளவுதான். கட்டிய பெண்டாட்டியை 'நீங்க' என்று கூப்பிடும் மனுஷனிடம் சண்டைகூடப் போட முடியவில்லை. இந்த ஆளோடு ஆயுசு முழுக்க எப்படி ஓட்டப்போகிறோம் என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

முகூர்த்தப் புடவை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிச்சயம் முடிந்ததும் நிறம் கேட்டார்கள். அரக்குதான் என்று எல்லோருமாக முடிவு செய்துவிட்டு, ஒரு மரியாதைக்குத்தான் என்னைக் கேட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானா? உடல் கத்தரிப்பூ நிறம், கரை எலுமிச்சை மஞ்சள் என்றேன். என் மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு, முகம் சுருங்கிப் போனது.

"இன்னாமா இது? கத்தரிக்காயையும் எலுமிச்சங்காயையும் சேத்து எவளாவது மணையில ஒக்காருவாளா?"

மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு நான் கேட்ட அதே நிறத்தில் புடவை வந்தது. வெளிச்சத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணைச் சிமிட்டினார்கள். எனக்கு அப்படிப் பிடித்திருந்தது.

ஆனியில் கல்யாணம், ஆடியில் அம்மா வீடு. புது ஜோடியை ஆடியில் பிரித்து வைப்பது வழக்கம். சித்திரை வெயிலில் பிரசவம் வந்துவிடக்கூடாதாம். மனைவியோடு நாலு வார்த்தை பேசவே யோசிக்கிற மனுஷரை வைத்துக்கொண்டு இந்த முன்னெச்சரிக்கை எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆடி ஒன்றாம் தேதி எங்கள் வீட்டில் அவருக்கு விருந்து, புது வேட்டி சட்டை. சாப்பிட்டார். "வரேங்க" என்றார். பைக்கில் ஏறிப் போய்விட்டார். அரை மணி நேரப் பயண தூரம்தான், ஆனாலும் ஆடி முழுக்க இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது.

போன் பண்ணினால்? "சாப்டீங்களா?"

மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் குதிரை விளையாட்டை என் போனில் இறக்கினேன். அவரும் பட்டுக் கடைக்காரர்கள் சிலருமாக ஒரு லீக் நடத்திக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். 'தாமல் ஏரி லாயம்' என்று பெயர் வைத்துச் சேர்ந்துகொண்டேன். காஞ்சிபுரம் தாண்டியிருக்கும் அந்தத் தாமலில் எனக்கு யாரையும் தெரியாது. பஸ்ஸில் போகும்போது ஏரிக்கரையைப் பார்த்ததோடு சரி. திட்டம் ரொம்பச் சுலபம். சீசன் முடிவதற்குள் இவரைத் தோற்கடிக்க வேண்டும். ஆவணி பிறந்து வீட்டுக்குப் போனதும் போனை நீட்டி, "அது நான்தான்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் பேசாமல் எப்படி இருப்பார் என்று பார்க்கிறேன்! தோற்றுவிட்டால் மூச்சு விடுவதில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

அம்மா அப்போது மாடியில் மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். என் குதிரைக்கும் அந்தப் பெயரையே வைத்தேன். செம்பட்டை நிறத்தில் ஒல்லிக் குதிரை. முதல் இரண்டு பந்தயத்தில் கடைசி. மூன்றாவதில் முன்னால் போன குதிரை ஏதோ கோளாறில் தரைக்குள் அமிழ்ந்துவிட, மோர்மிளகாய் ஜெயித்தது. முதல் வெற்றிக்குப் பரிசாகக் குதிரைக்காரனின் சட்டைக்கு நிறம் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். எனக்குப் பிடித்த நிறத்தைப் போட்டேன். கத்தரிப்பூ சட்டை, கைக்கும் கழுத்துக்கும் எலுமிச்சை மஞ்சள்.

மறுநாள் அரட்டைப் பெட்டியில் ஒரு செய்தி. என் வீட்டுக்காரரிடமிருந்து!

"சட்டை கலர் நல்லாருக்குது சார்."

தாலி கட்டியவர் என்னை சார் என்று கூப்பிட்டார். தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தேன்.

"நன்றி தம்பி" என்று அடித்தேன்.

"தாமல்ல எந்தப் பக்கம் சார்?"

"ஏரிக்கரை பக்கம்தான்."

"ஏரில தண்ணி இருக்குதா சார்?"

"நெறைய இருக்குது."

"ஆடில ஏரி நெறைஞ்சிருக்குதா? பரவால்லயே சார்."

எனக்கு லேசாக வியர்த்தது. ஆனால் அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானத்தில் சாரும் தம்பியும் பேசினோம். அடேயப்பா, என்னமாய்ப் பேசுகிறார்! ஈரத் தரையில் எந்தக் குதிரை ஓடும், காலையில் எவ்வளவு தீனி, சாய்வு வளைவில் எங்கே வேகத்தைக் கூட்டுவது. நடுவில் ஒரு சாயக்காரர் பச்சைக்குப் பதில் நீலத்தைக் காய்ச்சி வைத்த கதை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கூடவே பொறாமையும் வந்தது. யாரோ ஒரு தாமல்காரனுக்குக் கிடைக்கிற பேச்சு எனக்குக் கிடைக்கவில்லையே! அந்தத் தாமல்காரனே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சு சார். ஆடிக்கு அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க."

"வீட்டம்மா எப்படி?"

"கோவக்காரங்க சார். ஆனா சிரிச்சா நல்லாருக்கும்."

கீழே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சார் சும்மா இருப்பாரா? "பொண்டாட்டிகிட்ட வாயத் தொறந்து பேசணும் தம்பி" என்று அடித்தேன்.

"இன்னா பேசறதுன்னு தெரியல சார்."

"குதிரையப் பத்திப் பேசு."

"அவங்களுக்குக் குதிர புடிக்குமா சார்?"

"கேட்டாத்தானே தெரியும்!"

இதற்கிடையில் நான் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிப் பந்தயத்தில் இவருடைய குதிரை இருக்காது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிப் பந்தயத்திலும் இருக்காது. ஏன் என்று யோசித்தபோது எங்கள் அத்தையின் முகம் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் ராகு காலத்தில் தறியில் பாவு நூல் பூட்டமாட்டார்கள், நூல் மூட்டையைப் பிரிக்கமாட்டார்கள், வாசலில் வந்து நிற்கிற வியாபாரிக்குக்கூட மோர் கொடுத்து உட்காரவைத்து நேரத்தைக் கடத்துவார்கள். மகன் போனில் ஓடுகிற குதிரைக்கும் ராகு காலம் பார்க்கிறார்! லீக்கில் பாதிப் பேர் பட்டுக்காரர்கள், அவர்களும் அப்படித்தான். காலண்டரைக் கிழித்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். ராகு காலம் எப்போதோ அப்போதெல்லாம் மோர்மிளகாய் ஓடியது. போட்டிக்கு ஆளே இல்லாத மைதானத்தில் புள்ளிகளாக அள்ளிக்கொண்டு இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டேன். முதல் இடத்தில் அவர்.

கடைசிப் பந்தயத்துக்கு நேரம் அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. காலண்டரைப் பார்த்தேன். நாலரையிலிருந்து ஆறு ராகு காலம்.

துள்ளிக் குதித்தேன். அவர் வரமாட்டார், கோப்பை எனக்கு. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சந்தோஷம் சப்பென்று ஆகிவிட்டது. வராத ஆளை ஜெயித்து என்ன பண்ணுவது? ஆவணியில் போனை நீட்டி, "நீங்க வராதப்போ நான் ஜெயிச்சேன்" என்றா சொல்வது? அதற்கும் அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்.

சனிக்கிழமை கேட்டேன். "நாளைக்கு வரியா தம்பி?"

"ராகு காலம் சார். அம்மாவுக்குத் தெரிஞ்சா வூட்டுக்குள்ள சேக்கமாட்டாங்க."

"நீ வராம நான் ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா? வாப்பா."

அடித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் மோர்மிளகாய்த் தட்டுகளுக்கு நடுவில் போனோடு உட்கார்ந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குதிரைகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. இவருடைய இடம் மட்டும் காலி. கொம்பு ஊதினார்கள். அப்போதும் காலி. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குதிரைகளை ஓடவிடும் கதவு திறப்பதற்குச் சற்று முன்னால், அந்த இடத்தில் கறுப்புக் குதிரை ஒன்று வந்து நின்றது. மேலே அரக்குச் சட்டைக்காரன். அது அவருடைய 'கோர்வை'; புடவையில் உடலோடு கரையை இணைத்து நெய்வதன் பெயரையே குதிரைக்கு வைத்திருந்தார்.

"வந்துட்டாரு!" என்று கத்தினேன்.

"யாருடி?" என்று கீழேயிருந்து அம்மா கேட்டாள்.

"யாருமில்ல!"

மோர்மிளகாய் முதலிலேயே பாய்ந்துவிட்டது. பாதித் தூரம் வரைக்கும் அதுதான் முன்னால். தூறல் விழுந்தது. "மழ வருதுடி, தட்ட எடுத்து உள்ள வை!" என்று அம்மா அலறினாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன். கடைசி வளைவில் கோர்வை வெளிப்பக்கமாக வந்தது. சாய்வு வளைவில் எங்கே வேகத்தைக் கூட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே இடத்தில் கூட்டினார். படுபாவி! கழுத்து நீளத்தில் தோற்றேன். மிளகாயும் நனைந்துவிட்டது.

அம்மா திட்டிய திட்டு காதில் ஏறவில்லை. தோற்றதற்கு அழுகை வந்தது. அவர் வந்தாரே என்று சிரிப்பும் வந்தது. அரட்டைப் பெட்டியைப் பார்த்தேன், ஒரு வார்த்தை இல்லை. தோற்றால் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன் அல்லவா? விளையாட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். இனி தாமல் சார் கிடையாது, அந்தப் பேச்சும் கிடையாது. திரும்பவும் "சாப்டீங்களா" தான்.

ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து அழைத்துப் போக வந்தார். பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் அய்யம்பேட்டை தாண்டியும் பேச்சில்லை. அவர் முதுகையே முறைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அத்தை ஆரத்தி எடுத்தார், மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. சாயங்காலம் அறையில் பெட்டியைப் பிரித்துப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் காபியோடு உள்ளே வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"சார், காபி."

கையிலிருந்த புடவை கீழே விழுந்தது. அது அந்த முகூர்த்தப் புடவை. அவர் குனிந்து எடுத்து, கரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"கத்தரிப்பூ ஒடம்பு, எலுமிச்ச மஞ்சக் கர. இந்த ஊருலயே இந்தச் சேர்க்கைல ஒரு பொடவதாங்க இருக்குது. சாயம் சொன்னவனே நான்தான். நீங்க அதக் குதிரக்காரனுக்கு மாட்டி வுட்டுட்டு, தாமல்ன்றீங்க!"

"அப்ப முதல் நாளே தெரியுமா?"

"சட்டை கலர் நல்லாருக்குதுன்னு சொன்னனே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோவக்காரி என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்! "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சார்கிட்ட பேச வந்துது. உங்ககிட்ட வரல."

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"ராகு காலத்துல எதுக்கு வந்தீங்க?"

"நீங்க கூப்ட்டீங்க."

"கூப்ட்டா, தோத்துக் குடுக்கக் கூடாதா?"

"குதிர விஷயத்துல எதுக்குங்க தோக்கணும்?" என்றார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு, அதுவரை போனுக்கு மட்டும் கிடைத்த அதே சிரிப்பு.

கூடத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "யாருடா அங்க சாரு? யாரு வந்திருக்காங்க?"

"தாமல்லேர்ந்து ஒருத்தர்மா" என்றார் இவர், கொஞ்சமும் முகம் மாறாமல்.

நான் காபியைச் சிந்திக்கொண்டு சிரித்தேன். அத்தை பாவம், வந்தவருக்குக் கொடுக்க ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். அறை முழுக்கத் தேடினார். அவருடைய மகன் எதையும் தேடவில்லை, நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.