எண்பது பல் பிளேடைக் கழற்றிய சனிக்கிழமை

1. கரம் போர்டுக்குப் புதுச் சட்டம் செய்ய மேப்பிள் பலகை ஒன்று வாங்கினேன்.
2. அப்பாவின் நண்பர் என் மேசைவாள் இயந்திரத்துக்கு எண்பது பல் வட்ட பிளேட் ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார்.
3. மரத்தை நெடுக்காக அறுக்க அது ஆகாது என்றேன்.
4. "மனிசன் ஆசையா வாங்கி வந்திருக்கிறார், போடாட்டி என்ன நினைப்பார்?" என்றார் அம்மா. பூட்டினேன்.
5. அறுத்த இரண்டு சட்டங்களும் ஓரம் முழுக்கக் கருகின. மூன்றாவதில் மோட்டார் முக்கி நின்றது.
6. பழி என் கைகளின் மேல் விழுந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரூஜ் என்ற புறநகரில் எங்கள் வீடு புதிது. கல்லூரியில் இயந்திரத் தொழில்நுட்பம் முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கராஜில் ஒரு பக்கத்தை என் மேசைவாளுக்கு எடுத்துக்கொண்டதை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சனிக்கிழமைகளில் அப்பாவும் நண்பர்களும் பேஸ்மென்டில் கரம் ஆடுவார்கள். குளிர்கால ஹீட்டரில் காய்ந்து போர்டின் சட்டம் பிளந்தபோது, புதியதை நான் செய்கிறேன் என்றேன். சிரித்தார்கள். அடுத்த வாரமே பலகை வாங்கிவிட்டேன்.

பிளேட் கொண்டுவந்த அங்கிள் கருகிய சட்டத்தை முகர்ந்து பார்த்தார்.

"பொம்பிளைப் பிள்ளையின்ர கை. தள்ளப் பலம் காணாது. மிசிசாகாவில எங்கட பெடியன் ஒருத்தன் இருக்கிறான். மரத்தையும் மெஷினையும் அவனிட்டக் குடுத்திடுவம்."

அப்பா மறுக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. பலகை போனால் இன்னொன்று வாங்கலாம். இயந்திரம் அந்தக் கராஜை விட்டு ஒருமுறை போனால் திரும்பி வராது.

"மரம் கருக மூண்டு காரணம் இருக்கு, அங்கிள்" என்றேன். "பிளேட் மழுங்கியிருக்கலாம், ஆனா உது புதுசு. மரத்தை அணைச்சுத் தள்ளுற வழிகாட்டிக் கட்டை கோணியிருக்கலாம். அதைக் காலமை நானே அளந்து பாத்தனான், நேராக் கிடக்கு. மிச்சம் உங்கட பிளேட்தான்."

"பல்லுக் கூடினாத்தானே வழுவழுப்பா வரும்?"

"குறுக்கால அறுத்தா வரும். நெடுக்கால அறுக்கேக்க தூள் கூட வரும். பல்லுக்கு நடுவில இடமில்லாட்டி அது எங்க போறது? அங்கயே நிண்டு சூடாகி மரத்தை எரிக்குது."

கண்ணாலே காட்டி என்னை அடக்கப் பார்த்தார் அம்மா. நான் மின்கம்பியைப் பிடுங்கினேன். அவர் கொண்டுவந்த பிளேடை அவர் கண் முன்னாலேயே கழற்றி, துடைத்து, உறையில் போட்டேன். நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததைப் பூட்டினேன். இருபத்துநான்கு பல், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆழமான பள்ளம்.

அங்கிள் குனிந்து பார்த்தார். "என்ர வாயிலயே உதைவிடக் கூடப் பல்லு இருக்கு, பிள்ளை!"

"உங்கட வாய்க்கு வேற வேலை, அங்கிள்."

அப்பா இருமினார். சிரிப்பை மறைத்த இருமல் அது.

"விரல் ஒண்டு போச்செண்டா ஆர் உன்னைக் கட்டுவினம்?" என்றார் அம்மா.

"விரலை எண்ணிப் பாத்துக் கட்டுறவன் எனக்கு வேண்டாம், அம்மா."

விரல் பிளேடுக்குக் கிட்டப் போகாமலிருக்கத் தள்ளுகோலை எடுத்து, அதே பலகையின் மிச்சத்தை வைத்தேன். பலம் எதுவும் தேவைப்படவில்லை. மரம் இழுபடாமல் போயிற்று. தூள் சரம்சரமாய்க் கொட்டியது. சட்டத்தின் ஓரம் வெளிறிய நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. சொரசொரப்பை இழைப்புளி எடுத்துவிடும். கருகலை எடுக்கச் சட்டத்தின் அகலத்தையே இழக்க வேண்டும்.

அங்கிள் விரலால் தடவிப் பார்த்தார். "உந்தத் துண்டு நல்ல மரம் போல."

"ஒரே பலகை" என்றார் அப்பா. அன்று என் பக்கம் அவர் சொன்னது அவ்வளவுதான்.

மிசிசாகாவுக்கு எதுவும் போகவில்லை. புதுச் சட்டத்தில் காய் அளவுக்கு மீறித் துள்ளுகிறது என்று அங்கிள் குறை சொன்னார். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆடினார். அவருடைய பிளேடை ப்ளைவுட் அறுக்கப் பயன்படுத்தினேன், அதற்கு அது நல்லது. மேசைவாள் இன்றும் ரூஜில்தான் இருக்கிறது. அதில் எந்த பிளேட் பூட்டுவது என்பதை நான் தீர்மானிக்கிறேன்.