காயம் இல்லை என்று சொன்ன பிள்ளை

எனக்குப் பயம் வரக் காரணம் வேண்டியதில்லை. வளைகுடாவில் முசஃபா என்ற இடத்தில் ஒரு கராஜின் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்க மெடிக்கல் எடுக்கவேண்டும். ஒரு வாரம் முன்பிருந்தே குளிர்ந்த தண்ணீரைத் தொடமாட்டேன். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்ததால் ஊருக்கு அனுப்பப்பட்ட ஒருவரோடு ஒரே ரூமில் இருந்திருக்கிறேன். அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் கேட்டாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்போம். இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு நிற்போம்.

இந்தப் புத்தியைத்தான் மகளுக்கும் கொடுத்தேன்.

அவள் இங்கே பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். பன்னிரண்டாவது முடிக்கும்போது அமெரிக்காவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம் அவளுடைய ஓட்டத்தைப் பார்த்து விசாரித்தது. மெதடிஸ்ட் கிறிஸ்தவப் போதகர்கள் ஆரம்பித்தது என்று தெரிந்ததும் எனக்கு முதல் பயம் பிடித்தது. விபூதி பூசுகிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதன் வரலாற்றை ஃபோனில் தமிழாக்கி வாசித்தேன். குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர்கள், விவசாயிகளின் பிள்ளைகளுக்காக ஒரே கட்டடத்தில் தொடங்கியிருக்கிறார்கள். விளையாட்டு வீண்வேலை என்று முதலில் தடுத்திருக்கிறார்கள். மாணவர்கள் சோளக்காட்டு மண்சாலையில் ஓடிப் பழக, கடைசியில் பெரியவர்களே மைதானம் போட்டுக் கொடுத்தார்களாம். பெண்களுக்கு ஓட்ட அணி வர இன்னும் வெகுகாலம் ஆகியிருக்கிறது. எந்த மதத்தவரும் சேரலாம் என்று கீழே போட்டிருந்தது. அதை மூன்று தடவை வாசித்தும் மனசு ஆறவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச் வீடியோவில் பேச இருந்த வாரம், பயிற்சியில் அவளுக்கு இடது தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. படி ஏறும்போது பல்லைக் கடித்தாள்.

"கால் விஷயத்துல வாயத் தொறக்காத," என்றேன்.

"கேட்டா என்னப்பா சொல்றது?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லு. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

கோச் சிரித்த முகமுள்ள ஒரு அம்மா. மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காயம் ஏதும் உண்டா என்றுதான் கேட்டார். நான் கேமராவில் விழாமல் ஃபிரிட்ஜ் ஓரமாக நின்றிருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தேன். அவளும் இல்லை என்றாள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. மனைவி வைத்த பாயசத்தை மகள் பக்கம் தள்ளிவைத்தேன்.

அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு, போன மாதம் அவளுடைய பந்தயத்தை ஃபோனில் நேரலையாகக் காட்டினார்கள். அங்கே காலை, இங்கே நான் டியூட்டி முடித்து வந்த நேரம். முதல் சுற்றில் மூன்றாவதாக ஓடினாள். இரண்டாவது சுற்றின் வளைவில் கை தொடைக்குப் போனது. ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். கடைசியாக வந்து சேர்ந்தாள். ஃபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மகள் கூப்பிட்டாள்.

"கால்தானே?" என்றேன்.

"கால்தாம்பா. அப்பப்ப வலிக்கும். கோச் கேட்டாங்க. காலைல சரியாச் சாப்பிடலன்னு சொல்லிட்டேன்."

தடுமாறாமல் சொன்னாள். இந்தத் தடவை யாரும் அவளுக்குத் தலையசைத்துக் காட்டவில்லை. அப்போது வந்த பயம் எந்த மெடிக்கலிலும் எனக்கு வந்ததில்லை. அடுத்த பந்தயத்தில் தசை மொத்தமாகக் கிழிந்தாலும் இப்படித்தான் நிற்பாள்.

"பாப்பா, நாளைக்கே போயி உள்ளதச் சொல்லிடு. அப்பாதான் மறைக்கச் சொன்னாருன்னு சொல்லு."

"சொன்னா திருப்பி அனுப்பிட மாட்டாங்களாப்பா?"

"தெரியல பாப்பா, இருந்தாலும் சொல்லிடு," என்றேன். அனுப்பாத இடம் ஒன்றை நான் பார்த்ததில்லை.