இடதுபக்கக் கண்ணாடி இல்லாத கார்

கார் ஓட்டும் உரிமத்துக்காக மூன்று முறை போய், எட்டு போடச் சொன்ன இடத்தில் மூன்று முறையும் ஏழோடு நிறுத்திக்கொண்டு திரும்பியவள் நான். வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் காபிக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் பரிமாறுகிறார். ஆனால் ஒரு காரில் என்னென்ன இருக்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினோரு வயதில் படித்த பாடம் அது. ஒரே ஒரு முறை ஒப்பித்தேன். அதோடு எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது.

தொண்ணூறுகளின் கடைசி. அப்போது நாங்கள் பெரம்பலூரில் இருந்தோம். அப்பாவுக்கு போர்வெல் மோட்டார் விற்கும் கடை. யாராவது வந்து ஒரு மோட்டார் வேண்டும் என்றால் அப்பா சட்டென்று எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். போர் எத்தனை அடி, தண்ணீர் எந்த அடியில் நிற்கிறது, எத்தனை ஹெச்.பி., சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். வந்தவர் மழையையே நம்பிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பப் பார்க்கும்போதுதான் பெட்டியைத் திறப்பார். அப்படிப்பட்டவர், அத்தையின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் தாய்மாமா, "நாங்க எதுவும் கேக்கலிங்க. பையனுக்குன்னு ஒரு காரு, அவ்ளோதான்" என்றபோது, "அதுக்கென்னங்க" என்று தலையாட்டிவிட்டார். எந்தக் கார் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தாம்பூலம் மாற்றியாகிவிட்டது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. குரும்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நானும் அங்கேதான் படித்தேன். இருவரும் தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருவோம். காலையில் மடிப்புக் கலையாத புடவையோடு ஏறுகிற அத்தை, இறங்கும்போது கசக்கிப் பிழிந்த மாதிரி இருப்பாள். மாப்பிள்ளைக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் "தண்ணி". மற்றதெல்லாம் தாய்மாமாதான் பேசினார். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்பதையும் அவரே சொன்னார். அதற்கும் அப்பாதான் "அதுக்கென்னங்க" என்றார். அத்தை காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு வெகுநேரம் அந்த ஆறு டம்ளர்களையே கழுவிக்கொண்டிருந்தாள்.

கார் பார்க்கத் திருச்சி ஷோரூமுக்கு அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி அறைக்குள், முகம் கழுவிப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தது அந்தக் கார். உருவம் சின்னது, சொகுசு பெரியது, சிட்டி நெரிசலுக்கென்றே செய்தது என்றார் டை கட்டியவர். பெரம்பலூரில் அப்போது நெரிசல் என்றால், பழைய பஸ் ஸ்டாண்டு முன்னால் இரண்டு மினி பஸ்கள் ஒரே பயணிக்காகச் சண்டை போடுவதுதான். அப்பா அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதில் மூன்று மாடல்கள். முதலாவதுக்கு வெறும் பெயர் மட்டும். இரண்டாவதுக்குப் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து. மூன்றாவதுக்கு மூன்று எழுத்து. பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. மாதிரி படித்து வாங்கிய பட்டம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அது ஒன்றும் பெரிய தப்பில்லை. எழுத்து ஏற ஏற விலையும் ஏறியது. மாப்பிள்ளைகளுக்கும் அதுதானே வழக்கம்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூணுத்துக்கும் இன்ஜின் ஒன்னுதானே?"

"ஒன்னுதான் சார். ஆனா ஃபீச்சர்ஸ்..."

"அப்ப முடிஞ்சுது" என்று முதல் மாடலை எழுதச் சொல்லிவிட்டார். மோட்டார்க்காரருக்கு மோட்டார் ஒன்றாக இருந்தால் உலகமே ஒன்றுதான்.

திரும்பி வரும்போது என் கையில் வழுவழுப்பான ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை. இடப்பக்கம் வசதிகளின் பெயர்கள், மேலே மூன்று மாடல்களுக்கு மூன்று கட்டங்கள். வசதி இருந்தால் கருப்புப் புள்ளி, இல்லாவிட்டால் சின்னக் கோடு. மூன்றாவது கட்டம் எள் தூவினாற்போல் புள்ளிமயம். எங்கள் கட்டத்தில் கோடுகள்தான் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏணி மாதிரி இறங்கின.

அன்று சாயங்காலமே அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஸ்கேலை வைத்து இரண்டாவது, மூன்றாவது கட்டங்களை மறைத்துவிட்டு, முதல் கட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னாள்.

"மத்த ரெண்டும் வேணாமா அத்தை?"

"நம்ம வாங்குனது இதத்தானே? நம்மளுத ஒழுங்கா தெரிஞ்சுக்கடி, போதும்."

தினமும் இட்லிக்கு மாவு ஆட்டும் நேரத்தில் ஒப்பிப்பேன். ஒரு வரி தவறினாலும் முதலிலிருந்து. பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக்கூட அத்தை என்னை அவ்வளவு பாடுபடுத்தியதில்லை. புதுக் கார் வரப்போகிற சந்தோஷம் பாவம் அத்தைக்கு இப்படித் தலைக்கேறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

கார் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சிறுவாச்சூர் கோயிலில் பூஜை போடாமல் வண்டி எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தக் கோயிலோ திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். ஆகவே மூன்று நாள் கார் நகராமல் வாசலில் நின்றது. தெருவே வந்து சுற்றிப் பார்த்தது. நாலாவது வீட்டுப் பையன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "வெறும் மாடலா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"அரியலூர்க்காரங்களும் பின்னால போயி பாக்கத்தானே செய்வாங்க?" என்றாள் அப்பாவிடம்.

அப்பா யோசித்தார். பிறகு நம்பர் பிளேட் எழுதுகிறவரைக் கூட்டிவந்து, வெள்ளி நிற ஸ்டிக்கரில் அந்த மூன்று எழுத்துகளை வெட்டி ஒட்டச் சொன்னார். அவர் கைக்கு லாரி எழுதித்தான் பழக்கம். "எழுத்து கொஞ்சம் பெருசா வந்திருச்சுங்க" என்று தலையைச் சொறிந்தார். கார் பெயரைவிட பட்டம் பெரிதாக இருந்தது. ஊரில் சில பேருடைய லெட்டர் பேடு அப்படித்தான் இருக்கும் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. அத்தை கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கார் பார்க்க வந்தார்கள். பெண் பார்த்தபோது நடந்ததெல்லாம் அப்படியே திரும்ப நடந்தது. அதே பஜ்ஜி, அதே கேசரி. காரைச் சுற்றி வந்தார்கள். வாய் திறந்து காட்டச் சொல்வதுபோல் பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். பாடச் சொல்வதுபோல் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். பின்னால் போய் மூன்று எழுத்துகளையும் தாய்மாமா வாய்விட்டு வாசித்து, "பரவால்லியே" என்றார். அம்மா முகத்தில் ரத்தம் திரும்பியது.

பிறகு அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். வைகாசி வெயில். "ஏ.சி.ய போடுங்க, பாப்பம்" என்றார்.

"பூஜை போட்டு ஒரு மாசத்துக்கு ஏ.சி. போடக் கூடாதுங்க" என்றார் அப்பா.

என் வாழ்நாளில் எத்தனையோ பொய்கள் கேட்டிருக்கிறேன். அத்தனை பக்தியோடு சொல்லப்பட்ட ஒன்றை இன்னும் கேட்கவில்லை. தாய்மாமா, "அதுவும் சரிதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க இறங்கினார். கண்டம் தாண்டியாயிற்று. இன்னும் ஒரு காபி குடித்திருந்தால் அவர்கள் கிளம்பியிருப்பார்கள்.

அந்தக் காபியை எடுத்துக்கொண்டுதான் அத்தை வந்தாள். தட்டை நீட்டியபடியே, "கார்ல என்னென்ன இருக்குன்னு பாப்பா மனப்பாடமா சொல்லுவா. கேளுங்க" என்றாள்.

"அப்படியா? எங்க, சொல்லு பாப்பா" என்றார் தாய்மாமா.

ஸ்கூல் ஆண்டு விழாவில்கூட எனக்கு யாரும் அப்படி ஒரு மேடை தந்ததில்லை. கைகட்டி நின்று ஆரம்பித்தேன். ஏ.சி., கோடு. பவர் ஸ்டீயரிங், கோடு. பவர் விண்டோ முன்னால், கோடு. பின்னால், கோடு. பின்கண்ணாடி துடைப்பான், கோடு. இடதுபக்கக் கண்ணாடி, கோடு. அப்பா தொண்டையைச் செருமினார். நான் மறந்துவிட்டேனோ என்று கவலைப்படுகிறார் என நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"கோடுன்னா என்னா பாப்பா?"

"கெடையாதுன்னு அர்த்தம்."

"ஒன்னுமே கெடையாதா?"

"ஹீட்டர் இருக்கு. அதுக்குப் புள்ளி."

தாய்மாமா நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நேராகக் காரின் பின்பக்கம் போய்க் கடைசி எழுத்தை நகத்தால் சுரண்டினார். அது உரிந்து வந்து அவர் ஆட்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் அந்த வெள்ளி எழுத்தை அப்பா முகத்துக்கு நேராக ஆட்டி ஆட்டித்தான். உதறிப் பார்த்தார், போகவில்லை.

"காருன்னா எந்தக் காருன்னு தெரியாதாய்யா ஒரு மனுசனுக்கு? மோட்டாருன்னு வந்து கேக்கறவன்கிட்ட ஒம்போது கேள்வி கேப்பீராமே. எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டா கொறஞ்சா போயிருவீரு?"

அது அப்பாவின் தொழிலுக்கே விழுந்த அடி. குனிந்த தலையோடு, "மாத்திக் குடுத்துர்றங்க. மேல் மாடலே எடுத்துருவோம்" என்றார். அம்மா மூச்சு விட்டாள். தாய்மாமாவின் விரலும் கொஞ்சம் கீழே இறங்கியது. எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது.

அப்போது அத்தை, காபித் தட்டைக் காரின் மேலேயே வைத்துவிட்டு, முதல்முறையாக மாப்பிள்ளையிடம் பேசினாள். "உங்களுக்கு எந்த மாடல் வேணுங்க?"

மாப்பிள்ளை திடுக்கிட்டுப் போனார். காரைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "மாமாவத்தான் கேக்கணும்" என்றார்.

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "அண்ணே, காரு நம்ம வூட்லயே இருக்கட்டும். நானும்தான்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பொண்ணுக்கு வாய் இருக்குன்னு யாரும் சொல்லவே இல்லியே" என்று தாய்மாமா கத்தினார். உண்மைதான். அவர்களுக்குச் சொன்ன பட்டியலில் அது இல்லை. அரியலூர் பஸ் பிடிக்கப் போகும்போதும் அந்த எழுத்து அவர் விரலில்தான் இருந்தது.

பழி என் மேல் விழுந்தது. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மா பேசியதற்கு அப்பா மாதிரி இருந்திருக்கலாம். சொந்தக்காரர்கள் வந்தால், "இவதான் அது" என்று என்னைக் காட்டுவார்கள். அத்தையின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று ராத்திரி தலையணைக்குள் அழுதேன். இனி வாயே திறப்பதில்லை என்று சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் அடுத்த நாள் மதியச் சாப்பாடு வரை தாங்கியது. எனக்குப் புரியாதது அத்தைதான். அவள் திட்டவில்லை. சம்பளம் வந்த அன்று எனக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிவந்து, யாருக்கும் தராமல் தின்னச் சொன்னாள். இவ்வளவு பெரிய மனசா என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. அழுதுகொண்டே முழுதும் தின்றேன்.

வெள்ளி எழுத்துகளில் மிச்சம் இரண்டு கடைசிவரை காரிலேயே இருந்தன. இரண்டாவது மாடலின் இரண்டு எழுத்து வேறு, அதனால் எங்கள் கார் எந்த மாடலிலும் சேராமல் போனது. அத்தை ஓட்டக் கற்றுக்கொண்டு, அதிலேயே குரும்பலூருக்குப் போக ஆரம்பித்தாள். பவர் ஸ்டீயரிங் கோடு என்பதால் திருப்பும் இடங்களில் பல்லைக் கடித்துக்கொள்வாள். இடதுபக்கக் கண்ணாடியும் கோடு என்பதால் நான் ஜன்னலில் தலையை நீட்டி உட்கார்ந்து வருவேன். பின்னால் லாரி, பின்னால் கரும்பு டிராக்டர், பின்னால் ஒன்றுமில்லை. கண்ணாடி வேலை எனக்கு நன்றாகவே வந்தது. கண்ணாடிக்கு எல்லாம் தெரியும், எதற்கு என்று மட்டும் தெரியாது. அந்த ஸ்கேல் எதற்காக மற்ற இரண்டு கட்டங்களை மறைத்தது என்று கேட்கும் புத்தி வருவதற்கு எனக்கு இன்னும் பல வருஷம் இருந்தது.

எங்கள் ஊர்ப் பாலக்கரையில் திரும்பும்போது ஒருநாள் கேட்டேவிட்டேன். "கல்யாணத்த கெடுத்துட்டேன்னு எம்மேல கோவமா அத்தை?"

அத்தை தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால யாரும் வராங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

கழுத்தை நீட்டி நன்றாகப் பார்த்தேன். "யாரும் வரல அத்தை."

"அப்புறம் என்னடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.