படலையில் தொங்கிய இலையுதிர்காலம்

கனடாவிலிருக்கும் அக்காவின் மகள் காலையில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் வீட்டிலேயே சுலபமாகச் செய்யக்கூடிய இலையுதிர்கால அலங்காரமாம். மஞ்சள் இலைகளைக் கோர்த்து வாசலில் தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஓமந்தையில் இப்போது மழை. எங்கு பார்த்தாலும் பச்சை.

என் மகள்மார் இருவரும் யோசித்துவிட்டு, மஞ்சளாக இருந்த தென்னங்குருத்தோலையை வெட்டி, நுனி கீழே பார்க்க வாசல் படலை முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நான் கவனிக்கவில்லை.

கல்யாணவீட்டுத் தோரணம் மேலே பார்க்கும், செத்தவீட்டுத் தோரணம் கீழே பார்க்கும் என்பது அதுகளுக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரத்தில் முன்வீட்டு அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஐயாவை எப்ப தங்கச்சி எடுக்கிறியள்?"

என் மாமனார் போன கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர். நான் வாயைத் திறக்குமுன் அவரே தேத்தண்ணியோடு வெளியே வந்தார். அண்ணையின் கையிலிருந்த சைக்கிள் விழுந்தது.

விஷயத்தைச் சொல்லி, மூவரும் சிரித்து முடித்ததும், தோரணத்தைக் கழற்றப் போனேன்.

"விடு பிள்ளை," என்றார் மாமா, படலைக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "இன்னும் ஆர் ஆர் வருகினம் எண்டு பாப்பம்."

அக்கம்பக்கம் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவருடைய சொந்தத் தம்பியை மட்டும் காணவில்லை. மனுசனுக்கு முகமே சரியில்லை.

சின்ன மாமா, இந்தப் பதிவைப் பார்த்தால் உடனே வாங்கோ. அழுதுகொண்டு வந்தால் இன்னும் நல்லது.