அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து கையொப்பங்கள்

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் பேஸ்போல் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கையில் காசில்லாத என்னால், ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பேஸ்போல் அட்டைகளைச் சேர்க்க முடிந்தது அதனால்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் தனியாக வாழ்ந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டில் வேலை செய்தேன். அவரைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். வேலை முடிந்ததும் போர்கோ வெக்கியோ சந்தை வழியாக வீட்டுக்கு நடப்பேன். அங்கே மீன்கடைக்கு அருகில் ஒருவர் மேசை போட்டுப் பழைய சாமான்கள் விற்றார். அமெரிக்காவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய சிசிலிக்காரர்கள் இறந்தால், அவர்களின் பெட்டிகள் அவரிடம்தான் வந்து சேரும். ஒருநாள் அவருடைய தபாலட்டைக் குவியலுக்குள் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை கிடந்தது. அதில் ஒருவர் மட்டையை ஓங்கியபடி நின்றார்.

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எல்லே அணியில் ஆடியவள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற விளையாட்டு அது. படத்தில் நின்றவர் காலை ஊன்றியிருந்த விதத்தைப் பார்த்ததும், பந்து எந்தப் பக்கம் போகும் என்று என் தோள் சொல்லிவிட்டது.

“இது என்ன விலை?” என்று கேட்டேன்.

“இதையா வாங்கப் போகிறாய்? ஒரு காப்பிக்காசு கொடு” என்றார்.

அன்றே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். கடையில் காப்பி குடிப்பதில்லை, ஓர் அட்டைக்கு ஒரு காப்பிக்காசுக்கு மேல் கொடுப்பதில்லை. இரண்டு வருடத்தில் ஒரு போட்டோ அல்பம் பாதி நிறைந்தது. மூலை மழுங்கியவை, நடுவில் மடிந்தவை, பின்பக்கம் பசை ஒட்டியவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டேன்.

உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் கணவருக்கு அது விளங்கவேயில்லை.

“ஆரெண்டே தெரியாத ஆக்களின்ரை படத்தை வைச்சு என்னப்பா செய்யப் போறீர்?”

“தெரிஞ்சுகொள்ளத்தானே வைச்சிருக்கிறன்” என்றேன்.

ஒரே ஒருமுறை என் கட்டுப்பாட்டை மீறினேன். வியா மக்வேதா தெருவில் பழைய காகிதங்கள் விற்கும் கடையொன்றின் கண்ணாடிக்குள் கையொப்பமிட்ட அட்டை ஒன்றைக் கண்டேன். பல வாரக் காசைக் கொடுத்து வாங்கினேன். சின்யோரா பத்திரிகை படிக்கும் உருப்பெருக்கியால் பார்த்தபோது, கையொப்பம் முழுவதும் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தது. முகத்தைப் போலவே அதுவும் அச்சடித்ததுதான். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. சின்யோராதான் தன் பழைய கடிதம் ஒன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உண்மையான மை காகிதத்தின் மேல் நின்று மினுங்கியது. அந்த வித்தியாசத்தை அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை.

உண்மையான கையொப்பத்தைக் காசு கொடுத்து வாங்க என்னால் முடியாது. அப்படியானால் போட்டவரிடமே கேட்டால் என்ன என்று தோன்றியது.

என்னிடம் இருந்த அட்டைகள் ஒன்றில் இருந்தவர், அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் ஆட்டக்காரர். அட்டையின் பின்பக்கத்தில் அவருடைய பிறந்த ஆண்டும் சொந்த ஊரும் இருந்தன. அப்போது எழுபதை நெருங்கியிருப்பார். முகவரி தெரியாது. பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் மட்டும் உறையில் எழுதினேன்.

பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவதை அனுப்பினேன். நான் இலங்கையிலிருந்து வந்தவள், பலேர்மோவில் வீட்டுவேலை செய்கிறேன், எல்லே ஆடியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். நாங்கள் வெறுங்கையால் பந்து பிடித்தோம், உள்ளங்கை சிவந்துவிடும். கையுறை போட்ட உங்களுக்கும் நோகுமா? கையொப்பம் போட்டுத் தரும்படி அட்டையையும், என் பெயரும் சின்யோரா வீட்டு முகவரியும் எழுதிய உறையையும் உள்ளே வைத்தேன். அங்கே முத்திரையாக மாற்றக்கூடிய தபால் கூப்பனையும் சேர்த்தேன்.

“ஊரின்ரை பேரை மட்டும் எழுதினால் கடிதம் போகுமே?” என்றார் கணவர்.

“சின்ன ஊர். தபால்காரனுக்கு ஆளைத் தெரியாமலிருக்காது.”

“அப்ப அட்டையும் போச்சு.”

கோடை முழுவதும் ஒன்றும் வரவில்லை. நானும் அவர் சொன்னது சரிதான் என்று நினைக்கத் தொடங்கினேன். மழை தொடங்கிய பிறகு ஒரு காலை, நான் வேலைக்கு வந்து நுழைந்ததும் சின்யோரா ஒரு தடித்த உறையை நீட்டினார். நான் அனுப்பிய உறை அல்ல, அதைவிடப் பெரியது.

“அமெரிக்காவில் உனக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

உறையைப் பிரித்தேன். என் அட்டை மேலே இருந்தது. படத்தில் அவருடைய மார்புக்குக் குறுக்கே நீல மையில் சாய்வாக ஒரு பெயர். சன்னலுக்குப் போய் அட்டையைச் சாய்த்தேன். மை மினுங்கியது.

கூடவே இரண்டு பக்கக் கடிதம். சின்யோரா கேட்க, ஒவ்வொரு வரியாக இத்தாலிய மொழியில் சொன்னேன். “கையெழுத்து கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். நோகுமா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். ஓம், ஒவ்வொரு நாளும் நொந்தது. என் வலதுகையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் நிமிராது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், மன்னியுங்கள்.” என் கடிதத்தைப் பழைய அணித்தோழர்களின் ஒன்றுகூடலுக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டினாராம். உறைக்குள் இன்னும் நாலு அட்டைகள் இருந்தன. அவர்களில் நாலு பேர் தங்கள் பழைய அட்டைகளில் எனக்கென்று கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நாலும் மினுங்கின. நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. சத்தம் போட்டது மட்டும் தெரியும், ஏனென்றால் கீழ்வீட்டுக்காரி என்ன நடந்தது என்று கேட்டு மேலே வந்தாள்.

பிறகு நான் தரை கூட்டத் தும்புத்தடியை எடுத்ததும், சின்யோரா அதை வாங்கிச் சுவரில் சாத்தினார். “இன்று தரை அப்படியே கிடக்கட்டும். மறுபடி முதலிலிருந்து வாசி” என்றார். அதுவரை நான் தூசி மட்டுமே தட்டியிருந்த வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் இருவருக்கும் வாசித்தேன். பிறகு சின்யோரா தன் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். தங்கைக்காகத் தொலைபேசியிலும் ஒருமுறை வாசித்தேன்.

வீட்டுக்குப் போய் ஐந்து அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். கணவர் கையை இரண்டு தடவை துடைத்துவிட்டு, ஓரங்களை மட்டும் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

“நன்றி சொல்லி எழுதுவீர்தானே?” என்று கடைசியில் கேட்டார்.

“ஓம், ஐஞ்சு பேருக்கும்.”

“என்ரை பேரையும் கீழை போட்டுவிடும்” என்றார்.